சுகாதாரப் பாடம்: தொண்டை நோவும் சீழ்க்கட்டியும்



இந்தப் பாடத்தில் தொண்டையைப் பற்றிப் படிப்போம். "தொண்டை நோவுக்கெல்லாம் ஒரு பாடமா? கொத்தமல்லித் தண்ணி குடிச்சாப் போயிடும்" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பத்துத் தொண்டை நோவில் ஒன்பது உண்மையிலேயே அப்படிப் போய்விடும். போகாத அந்த ஒன்றை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் பாடம். அதை நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் படித்தோம்.

சில வருஷங்களுக்கு முன் ஆடி அமாவாசைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போனோம். பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிச் செங்கலடிக்குப் போனால், அங்கே எங்கள் ஆட்களுக்கு உறவுகள் உண்டு. 1977-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கிக் கிழக்கே குடியேறிய குடும்பங்கள் அவை. அவர்கள் வீட்டில்தான் தங்கினோம்.

எங்களோடு வந்தவர்களில் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்குப் பத்து நாளைக்கு முன் டொன்சில் காய்ச்சல் வந்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் பத்து நாளைக்குக் குளிசை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நோவு விட்டதும் மிச்சத்தைப் பேணியில் போட்டு வைத்துவிட்டான். "தங்கச்சிக்கு இருமல் வந்தா ஆகும்" என்று தாய்தான் எடுத்து வைத்தாராம்.

வாவிக்கரைக்குப் போன முதல் நாளே அவனுக்குத் திரும்பத் தொண்டை நோவு. "கண்ட கண்ட ஐஸ்பழத்தைத் தின்னாதேன்னு சொன்னோமே, கேட்டியா?" என்று நாங்களே ஏசினோம். அத்தை முறையானவர் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் கழுத்தில் சித்தாலேப பூசினார். அடுத்த நாள் நோவு ஒரு பக்கம் மட்டும் நின்றது. அந்தப் பக்கக் காதும் குத்தியது. பையன் சோறு வேண்டாம் என்றான். "நாளைக்குத் தீர்த்தம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று நாங்கள் தள்ளிப் போட்டோம். அந்த ஒரு நாள் தாமதம் எங்கள் பிழை. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

தீர்த்தத்தன்று இரவு அத்தை வந்து எழுப்பினார்: "ஐயா, புள்ளைக்கு வாயத் தொறக்க முடியலீங்க. எச்சிகூட முழுங்க மாட்டேங்குறான். துண்டுல துடைச்சிக்கிட்டே ஒக்காந்திருக்கான்." டோர்ச் அடித்துப் பார்த்தோம். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பேச்சு, வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. ஓட்டோ பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பார்த்த டொக்டர் அம்மா சொன்னது இதுதான்: "இது வெறும் தொண்டை நோவு இல்லை. டொன்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கு. எடுக்கணும்."

தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடித்து, வாய் வழியாகவே சீழை எடுத்தார்கள். வெளியே கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலையில் அவனே வாய் திறந்து, "அத்தே, தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டான். அத்தைக்கு அழுகை வந்துவிட்டது.

1. டொன்சில் என்பது எது?

வாயைத் திறந்து "ஆ" என்று சொன்னால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரு பக்கத்திலும் கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு சதைகள் தெரியும். அவைதான் டொன்சில்கள். பலர் இரண்டையும் சேர்த்து "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்று சொல்லுவார்கள். இரண்டும் வேறு வேறு. வாய் வழியாக உள்ளே வரும் கிருமிகளை மறித்து நிற்கும் காவல்காரர்கள்தான் டொன்சில்கள். மல்லுக்கட்டும்போது அவையே வீங்கிச் சிவக்கும்.

தொண்டை நோவில் பெரும் பகுதி வைரசு என்ற கிருமியால் வருவது. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், குரல் கம்மும். இதற்கு அன்டிபயோடிக் குளிசை வேலை செய்யாது. ஒரு வாரத்துக்குள் தானாக மாறும். பற்றீரியாவால் வருவது குறைவு. தொண்டை நோவோடு வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 பேருக்கும் முக்கியமான ஒரு பற்றீரியா காரணமாக இருக்கிறது. அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜீனஸ். காய்ச்சல் திடீரென்று ஏறும், இருமல் இராது, டொன்சிலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், தாடைக்குக் கீழே நெரி கட்டும்.

2. சீழ் எங்கே கட்டுகிறது?

டொன்சிலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த உறைக்கும் அதன் பின்னால் உள்ள தொண்டைத் தசைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி. டொன்சிலில் இருக்கும் கிருமி அந்த இடைவெளிக்குள் இறங்கினால் முதலில் அங்கே வீக்கம், பிறகு சீழ். டொன்சிலின் மேற்பக்கம் வேபர் சுரப்பிகள் என்ற சிறிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அடைபட்டுக் கெட்டுப்போவதாலும் இந்தக் கட்டி தொடங்கும் என்று மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். முன்னால் டொன்சில் காய்ச்சலே வராத ஒருவருக்கும் சிலவேளை நேரே கட்டி வருவது அதனால்தான் என்பது அவர்கள் கருத்து.

சீழ் பெருகப் பெருக டொன்சில் நடுவுக்குத் தள்ளப்படும். உள்நாக்கு மறுபக்கம் சாய்ந்து போகும். பக்கத்தில்தான் தாடையை அசைக்கும் தசை இருக்கிறது. அது இறுகிக்கொள்வதால் வாய் திறக்க முடியாது. எங்கள் தம்பிக்கு நடந்தது இதுவே.

3. இது யாருக்கு வருகிறது?

கைக்குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் இது குறைவு. பதினைந்து வயதிலிருந்து நாற்பது வயது வரைக்கும் உள்ளவர்களுக்குத்தான் அதிகம். அதாவது தோட்டத்தில் வேலைக்குப் போகிற வயது. சிகரெட், பீடி குடிப்பவர்களுக்குக் கூடுதலாக வருகிறது.

அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 30 பேருக்கு இந்தக் கட்டி வருகிறது. அதே கணக்கை மூவாயிரம் பேர் வாழும் தோட்டத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு ஒருவர். அபூர்வமான நோய் என்று ஒதுக்க முடியாது, எல்லோருக்கும் வரும் என்று பயப்படவும் தேவையில்லை. ஒரு முறை வந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது திரும்பவும் வருவதுண்டு. அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் டொன்சிலையே எடுத்துவிட டொக்டர் சொல்லலாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சீழ் வேறு இடத்தில், தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால் கட்டும். பிள்ளை கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், பால் குடிக்காமல் அழுதால் பிள்ளை மடுவத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

4. சீழுக்குள் இருக்கும் கிருமிகள்

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்றால் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு இருக்கும் உருண்டைக் கிருமி. பயோஜீனஸ் என்றால் சீழை உண்டாக்குவது. பெயரிலேயே அதன் தொழில் இருக்கிறது. ஆனால் கட்டிக்குள் அது தனியாக இருப்பதில்லை. வாயில் வழக்கமாகக் குடியிருக்கும் வேறு பல கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் பல, காற்றில்லாத இடத்தில்தான் செழிக்கும். மூடிய கட்டிக்குள் காற்று இல்லை. அவற்றுக்கு அதைவிட வசதியான வீடு ஏது?

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் என்ற நகரின் மருத்துவர்கள் 2001 முதல் 2006 வரை இந்தக் கட்டியோடு வந்த 847 பேரைப் பற்றி ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 17 பேரிடம் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜீனஸ் இருந்தது. நூற்றுக்கு 23 பேரிடம் அதைவிடக் கூடுதலாக இன்னொரு கிருமி இருந்தது. அதன் பெயர் பியூசோபக்டீரியம் நெக்ரோபோரம். காற்றில்லாமல் வாழும் இந்தக் கிருமி வாலிப வயதினரையே அதிகம் பிடிக்கிறது. தொண்டையைப் பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் அகப்படாது.

இந்தக் கிருமி கழுத்து இரத்தக் குழாய்க்குள் இறங்கினால் ஆபத்து பெரிது. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் 1936-இல் இப்படிப்பட்ட 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்து போனார்கள். அப்போது பெனிசிலின் நோயாளிகளின் கைக்கு வரவில்லை. பிளெமிங் அதை 1928-இல் கண்டுபிடித்திருந்தாலும் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தது 1940-களில்தான். இன்றைக்கு நேரத்தோடு போனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

5. குளிசை மட்டும் ஏன் போதாது?

குளிசை வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்துதான் நோவுள்ள இடத்துக்குப் போகிறது. சீழ் கட்டிய குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. கான் அடைத்துக்கொண்டால் அடைப்பை எடுத்தால்தானே தண்ணீர் ஓடும்? அதுபோல சீழ் வெளியேற வேண்டும். ஊசியால் உறிஞ்சுவார்கள், அல்லது சிறிய கீறல் போட்டு வடிய விடுவார்கள். அதோடு அன்டிபயோடிக்கும் சேலைனும் கொடுப்பார்கள்.

"கழுத்தை வெட்டுவாங்களாம்" என்று லயத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கமாக வாய் வழியாகவே முடிந்துவிடும். ஆனால் வீட்டில் யாரும் இதைச் செய்யக் கூடாது. "உள்நாக்குத் தூக்கிவிடுறது" என்று உப்பும் மிளகும் தொட்டுப் பெருவிரலால் அழுத்துவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். டொன்சிலுக்குப் பின்னால் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய நாடி ஓடுகிறது. கட்டி உடைந்து சீழ் மூச்சுக் குழாய்க்குள் இறங்கினாலும் ஆபத்துத்தான். ஆகவே விரல் வேண்டாம், ஊசி வேண்டாம், முள்ளும் வேண்டாம்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வோஷிங்டன் 1799 டிசம்பர் 14-இல் தொண்டை நோயால்தான் இறந்தார். தொண்டை நோகிறது என்று சொல்லி இரண்டு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய பெரிய வைத்தியர்கள் பக்கத்தில் நின்றும் அந்தக் கால வழக்கப்படி உடம்பிலிருந்து இரத்தத்தை எடுத்தார்களே தவிர வேறு வழி தெரியவில்லை. மூச்சுக் குழாயின் மூடி வீங்கியதுதான் காரணம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்குக் கிடைக்காத வைத்தியம் இன்று நமக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது.

6. மிச்சக் குளிசைப் பேணி

எங்கள் தம்பி குளிசையை நிறுத்தியதால்தான் கட்டி வந்ததா? டொக்டர் அம்மா அப்படி அடித்துச் சொல்லவில்லை. முழுதாகக் குடித்தவருக்கும் சிலவேளை வருவதுண்டு என்றார். ஆனால் பற்றீரியாத் தொண்டை நோவுக்கு ஒழுங்காக மருந்து எடுத்தால் கட்டி வரும் வாய்ப்புக் குறையும் என்பது நிச்சயம்.

குளிசையை முடிக்க இன்னுமொரு பெரிய காரணம் இருக்கிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோவு மாறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு மூட்டு வாதக் காய்ச்சல் வரலாம். முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி வீங்கும். மூட்டு வீக்கம் வற்றிவிடும், ஆனால் இருதய வால்வு பழுதாகிவிடலாம். அப்படிப் பழுதானால் வருஷக்கணக்காக மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட வேண்டியிருக்கும். தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாளைக்குள் பெனிசிலின் தொடங்கினால் இதைத் தடுக்கலாம். இந்தக் கிருமி இவ்வளவு காலமாகியும் பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. மலிவான மருந்து, ஆனால் சொன்ன நாளெல்லாம் குடிக்க வேண்டும்.

ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் லயத்தில் இந்தக் கிருமி இருமலாலும் தும்மலாலும் சுலபமாகப் பரவும். ஐஸ்பழம் கிருமியை உண்டாக்குவதில்லை. ஒரே ஐஸ்பழத்தை மூன்று பேர் சூப்பினால் பரவலாம். ஆகவே காய்ச்சல்காரருக்குத் தனிக் கோப்பை, முடிந்தால் தனிப் பாய். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மாமாங்கம் போகும் வழியில் உள்ள பிபிலையில் 1920-இல் பிறந்தவர்தான் பேராசிரியர் சேனக பிபிலே. நாட்டுக்குத் தேவையான மருந்து எது, தேவையில்லாதது எது என்று பிரித்துக் காட்டி, ஏழைகளுக்கும் நல்ல மருந்து குறைந்த விலையில் கிடைக்க வழி செய்தவர். 1971-இல் அரசாங்க மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் உருவாக அவரே முன்னின்றார். 1977-இல் காலமானார். தேவையில்லாத மருந்தை விழுங்காமலும் தேவையான மருந்தைப் பாதியில் விடாமலும் இருப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

7. வாவிக்கரை வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கழுத்தில் வரும் எல்லாக் கட்டியும் டொன்சிலால் வருவதில்லை. நம்மில் சிலர் மட்டக்களப்புப் பக்கம் உறவினர் வயலில் வேலைக்குப் போகிறார்கள். சேற்றிலும் மழைத் தண்ணீரிலும் வாழும் இன்னொரு கிருமியால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வருகிறது. காய்ச்சலும் சளிக்காய்ச்சலும் வரும். கழுத்திலும் கன்னத்திலும் ஈரலிலும்கூடச் சீழ் கட்டலாம். இலங்கையில் இது முதன்முதல் எழுதப்பட்டது 1927-இல், கொழும்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தேயிலைத் தரகருக்கு வந்தபோது. பிறகு நெடுங்காலம் அதைப் பற்றிப் பேச்சில்லை. 2006-க்குப் பிறகு கவனமாகத் தேடியபோது எல்லா மாகாணங்களிலும் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதிகம், சலரோகம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். சாதாரண பெனிசிலின் இதைக் கொல்லாது. வேறு ஊசியும் மாதக்கணக்கில் குளிசையும் வேண்டும். ஆகவே கட்டியோடு டொக்டரிடம் போனால் "வயல்ல வேலை செஞ்சேன்", "எனக்குச் சீனி வருத்தம் இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சீழைச் சோதனைக்கு அனுப்ப அது உதவும்.

8. எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெரட்டு, தீர்த்தம், கலியாண வீடு எதற்காகவும் தள்ளிப்போட வேண்டாம்.

- நோவு ஒரு பக்கம் மட்டும் நின்று கூடிக்கொண்டு போவது, அந்தப் பக்கக் காதும் குத்துவது
- வாயை மூன்று விரல் அளவுக்குத் திறக்க முடியாமை
- எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுவது
- பேச்சுக் குழறுவது
- மாறிய தொண்டை நோவு காய்ச்சலோடு திரும்பி வருவது
- கழுத்து வீங்குவது அல்லது விறைப்பது

மூச்சு விடும்போது சத்தம் கேட்டால் அல்லது படுக்க முடியாமல் நிமிர்ந்தே இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். படுக்க வைக்காமல் உட்கார்த்தியபடியே கொண்டு போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சாதாரணத் தொண்டை நோவுக்கு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம், கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கலாம், பெரியவர்கள் அளவோடு பனடோல் எடுக்கலாம். இவை நோவைக் குறைக்கும். சீழை எடுக்காது.

பாடத்தை மீட்டிப் பார்ப்போம்

பிள்ளைகள் வீட்டில் சத்தமாக வாசித்து, பெரியவர்களிடம் பதில் கேளுங்கள்.

1. டொன்சிலும் உள்நாக்கும் ஒன்றா?
2. சீழ் கட்டிய பிறகு குளிசை மட்டும் ஏன் போதாது?
3. நோவு விட்ட பிறகும் ஏன் குளிசையை முடிக்க வேண்டும்?
4. வாய் எத்தனை விரல் அளவு திறக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?
5. நம் வீட்டுப் பேணியில் மிச்சக் குளிசை இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் அந்தப் பேணியை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். யாரும் ஏச மாட்டோம். அந்தத் தம்பியின் தாய்தான் எங்கள் தோட்டத்தில் முதல் பேணியைக் கொண்டுவந்து வைத்தவர்.

தம்பி இன்று கொழுந்து லொறியில் வேலை செய்கிறான். வழியில் எங்களைக் கண்டால் வாயை அகலத் திறந்து காட்டிவிட்டுச் சிரிப்பான். "மூணு விரலும் போகுதுங்க ஐயா!"

உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்